எங்கள் புள்ளடியைச் சரியாகப் படியுங்கள்

2024 நவம்பர் 14ஆம் திகதி நடந்த பாராளுமன்றத் தேர்தலின் முடிவு வந்த நாளிலிருந்து 'யாழ்ப்பாணம் மாறிவிட்டது' என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கொழும்பில் அதை மகிழ்ச்சியோடு சொல்கிறார்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற எங்கள் உறவுகள் அதையே அழாக்குறையாகச் சொல்கிறார்கள். முடிவு வந்த அன்றிரவு கனடாவிலிருந்து என் தங்கை அழைத்து, "அக்கா, உங்கட சனத்துக்கு என்ன நடந்தது? எல்லாத்தையும் மறந்திட்டீங்களோ?" என்று கேட்டாள். அவளுக்குத் தொலைபேசியில் நான் சொன்னது போதவில்லை. முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

நான் தொண்டைமானாற்றில் பிறந்து, வடமராட்சிப் பாடசாலைகளில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவள். அரசாங்க ஆசிரியர்களுக்குத் தேர்தல் கடமை வரும். அப்படிப் பல தேர்தல்களில் வாக்குச்சாவடிக்குள் இருந்து எங்கள் சனத்தைப் பார்த்திருக்கிறேன். கட்சி எதிலும் நான் இல்லை.

நாட்டின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எங்கள் ஊரின் பெயர் உயர்தரப் பரீட்சைக்கு முன் வரும் வெளிக்கள நிலைய வினாத்தாளால் தெரியும். பெரியவர்களுக்குச் செல்வச் சந்நிதி முருகன் கோயிலால் தெரியும். அரசியல் எழுதுபவர்களோ எங்களை வல்வெட்டித்துறைக்கு அடுத்த ஊர் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். வெலிக்கடைச் சிறையில் 1983 ஜூலை 25இல் கொல்லப்பட்ட தங்கத்துரை எங்கள் ஊர்க்காரர் என்பது கூடப் பலருக்குத் தெரியாது. இப்படிப்பட்ட மண்ணில் ஒரே ஒரு அரசியல்தான் இருந்திருக்கும், எல்லாரும் ஒரே சின்னத்துக்குத்தான் புள்ளடி போட்டிருப்பார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையிலிருந்துதான் 'மாறிவிட்டது' என்ற பேச்சும் பிறக்கிறது.

எங்கள் பகுதி ஒருநாளும் ஒரே சின்னத்தின் ஊராக இருந்ததில்லை. 1947இலும் 1952இலும் பருத்தித்துறைத் தொகுதி தமிழ்க் காங்கிரஸின் த. இராமலிங்கத்தை அனுப்பியது. 1956 தனிச் சிங்களச் சட்டத்தின் ஆண்டு. தமிழரசுக் கட்சி வடக்கிலும் கிழக்கிலும் 10 ஆசனங்களை வென்ற தேர்தல் அது. அந்த அலை அடித்துக்கொண்டிருந்தபோதே பருத்தித்துறைத் தொகுதி கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவைப் பாராளுமன்றம் அனுப்பியது. தமிழ்த் தொகுதி ஒன்றிலிருந்து வென்ற கம்யூனிஸ்ட் அவர் ஒருவர்தான். மொழி உரிமை வேண்டாம் என்று யாரும் அவருக்கு வாக்களிக்கவில்லை. மொழி உரிமையோடு கோயில் வாசலும் தேநீர்க்கடைக் கதிரையும் எல்லாருக்கும் பொதுவாக வேண்டும் என்று கேட்ட மக்கள் அவருக்குப் பின்னால் நின்றார்கள்.

அதற்கு நாலு வருடம் முன்னர், 1952இல், காங்கேசன்துறையில் தந்தை செல்வநாயகமே யானைச் சின்னத்தில் நின்ற சு. நடேசனிடம் தோற்றார். ஐக்கிய தேசியக் கட்சியிடம், யாழ்ப்பாணத்தில், தமிழரசுக் கட்சியை நிறுவியவர் தோற்றார். இதை இன்றைக்குச் சொன்னால் இளம் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.

1960இல் உடுப்பிட்டித் தொகுதி பிறந்தபோது மு. சிவசிதம்பரம் வென்றார். 'உடுப்பிட்டிச் சிங்கம்' என்று பெயர் வாங்கியவர் அவர். எங்கள் வீட்டில் ஐயா தமிழ்க் காங்கிரஸின் சைக்கிள், ஐயாவின் தம்பி தமிழரசுக் கட்சியின் வீடு. சித்தப்பா தமிழரசுக் கட்சியின் கூட்டத்துக்குப் போய்வந்தால் ஐயா இரண்டு நாள் அவரோடு கதைக்கமாட்டார். மூன்றாம் நாள் இரண்டு பேரும் ஒரே வள்ளத்தில் போவார்கள். 1970இல் சிங்கம் தோற்றது; தமிழரசுக் கட்சியின் க. ஜெயக்கொடி வென்றார். அதே தேர்தலில் ஜி. ஜி. பொன்னம்பலம் யாழ்ப்பாணத்தில் தோற்றார், அமிர்தலிங்கம் வட்டுக்கோட்டையில் தோற்றார், நாகநாதன் நல்லூரில் தோற்றார். குடாநாட்டின் பெரிய தலைவர்கள் பலரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிய மக்கள் நாங்கள். 2024இல் தமிழரசுக் கட்சியின் சுமந்திரன் தோற்றதைப் பூகம்பம் என்று எழுதியவர்கள் 1970இன் முடிவுகளை எடுத்துப் பார்க்க வேண்டும்.

என் முதல் வாக்கு 1977இல், தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியனுக்கு. அதற்கு முந்தைய ஆண்டு பண்ணாகத்தில் தனிநாடு கோரும் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியிருந்தது. தரப்படுத்தலால் பல்கலைக்கழகக் கதவு மூடப்பட்ட தலைமுறை எங்களுடையது. கூட்டணி வடக்கின் 14 தொகுதிகளையும் வென்றது. உடுப்பிட்டியில் அது நிறுத்தியது ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த த. இராசலிங்கத்தை. ஒரே மனமாக ஊர் வாக்களித்த தேர்தல் என்று அதைச் சொல்லலாம். ஆனாலும் அந்தத் தேர்தலிலும் வேட்பாளர் தெரிவில் சாதிக் கணக்கு இருந்தது, அந்தக் கணக்கை மாற்ற வேண்டும் என்ற விருப்பமும் இருந்தது. உரிமைக்கான வாக்கு, சமத்துவத்துக்கான வாக்கு என்று யாரும் இரண்டு பெட்டி வைத்துப் பிரிக்கவில்லை.

அடுத்த ஐந்து வருடத்தில் நடந்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1982 ஒக்ரோபர் ஜனாதிபதித் தேர்தலில் கூட்டணி போட்டியிடவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் தமிழ்க் காங்கிரஸின் குமார் பொன்னம்பலம் 87,263 வாக்குகளோடு முதலிடம் பெற்றார். இரண்டாமிடம் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவவுக்கு: 77,300. யாழ்ப்பாணம் நூலகத்தை இழந்து ஒன்றரை வருடம்கூட ஆகாத நேரம். அந்த நேரத்தில் ஒரு சிங்கள வேட்பாளருக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாக்கு விழுந்தது. காரணம் வெங்காயமும் மிளகாயும். 1970 முதல் 1977 வரை இறக்குமதியை அடைத்து வைத்திருந்த காலத்தில் குடாநாட்டுத் தோட்டக்காரன் தலைநிமிர்ந்தான், கல்வீடு கட்டினான். அதன் பின் ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜயவர்தன இறக்குமதியைத் திறந்துவிட்டபோது அவன் விழுந்தான். தரப்படுத்தலைக் கொண்டுவந்ததும் அதே சுதந்திரக் கட்சி அரசாங்கம்தான் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே புள்ளடி போட்டான். அதே ஆண்டு டிசம்பரில் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டுவதற்கு ஜே. ஆர். சர்வசன வாக்கெடுப்பு நடத்தியபோது யாழ்ப்பாணத்தில் பத்தில் ஒன்பது பேர் குடத்துக்குப் போட்டு 'இல்லை' என்றார்கள். சுமார் இரண்டு மாத இடைவெளியில் நடந்த இந்த இரண்டு வாக்களிப்பையும் சேர்த்துப் படித்தால் எங்கள் மக்களின் மனம் விளங்கும்.

அதற்குப் பிறகு வாக்குப்பெட்டி எங்களிடமிருந்து பறிபோனது. 1983 ஓகஸ்டில் வந்த, பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் கேட்ட அரசியலமைப்பின் ஆறாம் திருத்தத்தால் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். 1994 பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் 10,744 வாக்குகளால் ஒரு குழு 9 ஆசனங்களைப் பெற்றது. குடாநாட்டின் பெரும்பகுதியில் அன்று வாக்களிப்பே இல்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் வாக்குச்சீட்டைக் கையால் தொடாமலே முப்பது வயதைத் தாண்டினார்கள்.

2005 நவம்பர் 17, ஜனாதிபதித் தேர்தல் நாளை நான் விரிவாகச் சொல்ல வேண்டும். அன்று எனக்கு வாக்குச்சாவடிக் கடமை. காலை ஏழு மணிக்குப் பெட்டியைக் காட்டி, மூடி, முத்திரை வைத்தோம். சாவடிக்கு வெளியே றோட்டு வெறுமையாக இருந்தது. முகவர்களும் நாங்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம். மதியத்துக்கு மேல் ஒரு கிழவர் வாசல்வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். அவர் வாக்களிக்க வந்தாரா, யார் யார் வாக்களிக்க வருகிறார்கள் என்று பார்க்க வந்தாரா என்று எங்களுக்கு விளங்கவில்லை. அந்த நாளின் பயம் அப்படிப்பட்டது. விடுதலைப் புலிகளும் அவர்களைச் சார்ந்த அமைப்புகளும் தேர்தலில் அக்கறை காட்டவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவு செய்திருந்த 701,938 பேரில் 8,524 பேர் வாக்களித்தார்கள். நூற்றுக்கு ஒருவர் கொஞ்சம் கூட. மகிந்த ராஜபக்ச நாடு முழுவதிலும் பெற்ற பெரும்பான்மை 180,786. அந்தக் கழித்தலைச் செய்து பார்க்கக் கணித ஆசிரியை தேவையில்லை. அதன் பின்னர் 2009 வரை நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை.

புறக்கணிப்பு எங்களுக்குப் புதிதல்ல. 1931இல் வாலிபர் காங்கிரஸின் சொல்லைக் கேட்டு யாழ்ப்பாணம் அரசாங்க சபைத் தேர்தலையே நடத்தவிடவில்லை. பருத்தித்துறை ஆசனமும் 1934வரை வெறுமையாகக் கிடந்தது. அன்று அது முழு இலங்கைக்கும் சுயாட்சி கேட்ட புறக்கணிப்பு. வாலிபர்கள் மேடை போட்டு வாதாடிச் சம்மதிக்க வைத்தார்கள். 2005இல் எங்களோடு யாரும் வாதாடவில்லை. அந்த வித்தியாசம் எனக்கு முக்கியம். வாக்களிக்காமல் இருப்பதும் ஒரு அரசியல் முடிவுதான், ஆனால் அந்த முடிவை எடுக்கும் உரிமையும் வாக்காளருக்கே இருக்க வேண்டும்.

போர் முடிந்த பின் வந்த தேர்தல்களில் எங்கள் புள்ளடி பெரும்பாலும் 'இவர் வேண்டாம்' என்பதற்கான புள்ளடி. ஜனாதிபதித் தேர்தல்களைப் பாருங்கள்: 2010இல் போரை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவுக்கு யாழ்ப்பாண மாவட்டம் 113,877 வாக்குகள் போட்டது. 2015இல் மைத்திரிபாலவுக்கு 253,574. 2019இல் சஜித்துக்கு 312,722, நூற்றுக்கு 83க்கு மேல். இவர்களில் ஒருவரையும் எங்கள் ஊரில் யாரும் தலைவராகக் கொண்டாடவில்லை. ராஜபக்ச குடும்பம் வேண்டாம் என்பது ஒன்றே கணக்கு. இடையில் 2013இல் வட மாகாண சபைத் தேர்தல் வந்தது. 'வேண்டும்' என்று சொல்லி நாங்கள் போட்ட வாக்கு அது. 38 ஆசனங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வென்றது. அதன் முதலமைச்சர் வேட்பாளர் விக்னேஸ்வரனுக்கு 132,255 விருப்பு வாக்குகள். அன்று சாவடியில் நின்ற வரிசையை நான் பார்த்தேன். ஊன்றுகோலோடு வந்தவர்களும் நின்றார்கள்.

அந்தச் சபை என்ன செய்தது என்று கேட்டால், குறை எங்கள் பக்கமும் உண்டு, கொழும்பின் பக்கமும் உண்டு. காணி அதிகாரமும் பொலிஸ் அதிகாரமும் கொடுக்கப்படவில்லை. ஆளுநர் மேலே அமர்ந்திருந்தார். கொடுக்கப்பட்ட அதிகாரத்தையும் எங்கள் பிரதிநிதிகள் ஒருவரோடு ஒருவர் மோதி வீணாக்கினார்கள். தீர்மானங்கள் நிறைவேற்றினார்கள். தீர்மானங்கள் தேவை, நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஆற்றின் கதவணையைப் பற்றி யாரோடு கதைப்பது என்று ஊர் மக்களுக்குத் தெரியாமலே ஐந்து வருடம் போனது.

அந்தக் கதவணையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1950களின் தொடக்கத்தில் தொண்டைமானாற்று முகத்தில் கட்டப்பட்டது. கடலுப்பு உள்ளே வராமல் தடுத்து, மாரிமழை நீரைத் தேக்கி, வடமராட்சி நீரேரியை நன்னீராக்கினால் சுற்றியுள்ள கிணறுகள் இனிக்கும் என்பது நோக்கம். நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகத்தின் 'யாழ்ப்பாணத்துக்கு ஆறு' திட்டத்தில் இந்த ஆற்றுமுகத்துக்கு முக்கிய இடம் உண்டு. போர்க்காலத்தில் பராமரிப்பு இல்லாமல் போய், பிறகு திருத்தினார்கள். கதவை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதில் தோட்டக்காரனுக்கு ஒரு நியாயம், இறால் பிடிப்பவனுக்கு வேறொரு நியாயம், வெள்ளம் ஏறும் தாழ்நிலத்தில் இருப்பவனுக்கு மூன்றாவது நியாயம். இதைப் பேசித் தீர்ப்பதும் அரசியல்தான். 2024 ஓகஸ்டில், ஜனாதிபதித் தேர்தலுக்கு ஏழு கிழமைக்கு முன், தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையத்தை அன்றைய ஜனாதிபதி ரணில் திறந்து வைத்தார். நல்லது. ஆனால் மழை தருகிற நீரைக் கடலுக்கு விட்டுவிட்டு, கடலிலிருந்து நீரைப் பிரித்தெடுக்கிற நிலைக்கு எப்படி வந்தோம் என்று ஒரு வேட்பாளரும் எங்கள் ஊரில் பேசவில்லை.

இனி 2024க்கு வருகிறேன். செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் சஜித்துக்கு 121,177, சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு 116,688, ரணிலுக்கு 84,558. அநுர குமார திசாநாயக்கவுக்கு 27,086 மட்டும். தமிழரசுக் கட்சி சஜித்தை ஆதரிக்கச் சொன்னது. அதே கட்சியின் சிறீதரன் சங்குக்கு மேடை ஏறினார். எட்டுக் கிழமை கழித்து, நவம்பரில், அநுரவின் தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்குகள் பெற்று முதலிடம். தமிழரசுக் கட்சிக்கு 63,327. மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னத்துக்குப் போனது. தெற்கைத் தளமாகக் கொண்ட ஒரு கட்சி பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் முதலிடம் பெற்றது அதுவே முதல் தடவை.

இந்த எண்களை ஒரு கணித ஆசிரியையாகப் படிக்கிறேன். 80,830 என்பது செல்லுபடியான வாக்குகளில் நூற்றுக்கு 25க்குச் சற்றுக் குறைவு. நாற்பதுக்கும் மேற்பட்ட பட்டியல்கள் நின்றன. அதிக வாக்குப் பெற்ற பட்டியலுக்கு ஒரு போனஸ் ஆசனம். நூற்றுக்கு ஐந்து எட்டாத பட்டியல்களின் வாக்குகள் ஆசனக் கணக்கிலிருந்து விழுந்துவிடும். அதனால் கால்வாசி வாக்கு அரைவாசி ஆசனமாகியது. நாலில் மூன்று பேர் திசைகாட்டிக்குப் போடவில்லை. பதிவு செய்தவர்களில் பத்தில் நாலு பேர் சாவடிக்கே வரவில்லை. அவர்களில் ஒரு பகுதியினர் வெளிநாட்டில் இருப்பவர்கள், பெயர் மட்டும் இடாப்பில் இருக்கிறது. யாழ்ப்பாணம் தேசியவாதத்தைக் கைவிட்டது என்று இந்த எண்களிலிருந்து சொல்வது கணக்குப் பிழை. மாற்றமே இல்லை என்பதும் பிழை. எட்டுக் கிழமைக்குள் ஒரு கட்சியின் வாக்கு மூன்று மடங்காகியது. அது காற்றில் வரவில்லை.

எங்கள் ஒழுங்கையில் திசைகாட்டிக்குப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் என் பழைய மாணவர், கடற்றொழில் செய்கிறவர். தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் அவரது வலைகளை அறுத்துக்கொண்டு போனது ஒரு தரம் இரண்டு தரம் அல்ல. "ரீச்சர், எங்கட கட்சிகள் இந்தியாவைப் பகைக்கேலாது எண்டு வாயைத் திறக்கிறேல்ல. இவங்களாவது பிடிக்கிறாங்களோ பாப்பம்" என்றார். போரில் இறந்தவர்களுக்கு மே 18இல் தீபம் ஏற்றுவதை அவர் விட்டுவிட்டாரா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அது வேறயோ, ரீச்சர்?" என்று திருப்பிக் கேட்டார். இன்னொருவர் பிள்ளை வளர்க்கும் தாய். ஊருக்குள் போதைப்பொருள் வந்து பெடியளைக் கெடுக்கிறது, அதைத் தடுப்பதாகச் சொல்கிறவர்களுக்குப் போட்டேன் என்றார். மூன்றாமவர் தமிழரசுக் கட்சியின் பழைய ஆதரவாளர். கட்சித் தலைவர் தெரிவு நீதிமன்றத்துக்குப் போன நாளிலிருந்து அவருக்கு வெறுப்பு. "எங்களுக்குள்ளயே ஒரு தேர்தலைச் சரியா நடத்தேலாதவை எங்களுக்காக என்னத்தைப் பேசப்போகினம்?"

மூன்று பேருக்கும் தேசிய மக்கள் சக்தியின் மையத்தில் இருக்கும் மக்கள் விடுதலை முன்னணியின் பழைய கதை தெரியும். இந்திய இலங்கை ஒப்பந்தத்தை எதிர்த்தவர்கள் அவர்கள். ஆழிப்பேரலை எங்கள் கரையை அடித்துக்கொண்டு போன பின், 2005இல், நிவாரணத்துக்கான பொதுக்கட்டமைப்பை எதிர்த்து அரசாங்கத்திலிருந்து வெளியேறியவர்கள். வடக்கையும் கிழக்கையும் பிரிக்கக் கேட்டு உயர் நீதிமன்றம் போய் 2006இல் பிரித்தவர்கள். எங்கள் சனம் மறக்கவில்லை. 1982இல் தரப்படுத்தலை மறக்காமலே கொப்பேகடுவவுக்குப் போட்ட தோட்டக்காரனைப் போல, தெரிந்துகொண்டே போட்டார்கள். ஒரு வாக்காளர் தன் வாழ்வில் இரண்டு மூன்று காயங்களோடு சாவடிக்கு வருகிறார். சீட்டில் ஒரு சின்னத்துக்குத்தான் புள்ளடி போடலாம். அன்று எந்தக் காயம் அதிகம் நோகிறதோ அதற்கு மருந்து தருகிறேன் என்பவருக்குப் போடுகிறார். மற்றக் காயம் ஆறிவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

இது எங்களுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் நடுமேற்கில் ஐயோவா மாநிலத்தில் ஹோவர்ட் என்றொரு சிறிய கவுண்டி. பத்தாயிரம் பேர்கூட இல்லை. 2012இல் ஒபாமாவை நூற்றுக்கு இருபதுக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வெல்லவைத்த அதே கவுண்டி, 2016இல் ட்ரம்பை அதேயளவு வித்தியாசத்தில் வெல்லவைத்தது. நாடு முழுவதும் இருந்து பத்திரிகையாளர்கள் அங்கே படையெடுத்தார்கள். நாலு வருடத்தில் ஒரு ஊரே வேறு மனிதர்களாக மாறிவிடுவதில்லை. இரண்டு தரமும் அந்த மக்களில் பலர் மாற்றம் தருகிறேன் என்றவரை நம்பிப் பார்த்தார்கள். வெளியில் இருந்து வருபவர் சின்னம் மாறியதைப் பார்க்கிறார். உள்ளே இருப்பவரின் குறை மாறாமல் இருப்பதைப் பார்ப்பதில்லை.

எங்கள் கால்வாசி வாக்கைக் கொழும்பு எப்படிப் படித்தது என்பது 2025 மார்ச் 28இல் தெரிந்தது. வடக்கில் சுமார் 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்று வர்த்தமானி வந்தது. அதில் பெரும்பகுதி யாழ்ப்பாண மாவட்டம். போரில் உறுதியைத் தொலைத்தவர்கள், உறுதியோடு வெளிநாடு போனவர்கள், உறுதிக்காரர் செத்துப் பிள்ளைகள் பிரிக்காமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்று வடமராட்சிக் கிராம அலுவலர் எவரைக் கேட்டாலும் சொல்வார். எதிர்ப்பு எழுந்து, வழக்குப் போய், பிறகு அரசாங்கம் அதைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்றதை நான் மதிக்கிறேன். ஆனால் மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கு ஐந்து கிழமைக்கு முன் வந்த அந்த வர்த்தமானியை எங்கள் சனம் படித்துவிட்டுத்தான் சாவடிக்குப் போனது. யாழ்ப்பாண மாவட்டத்தில் தமிழரசுக் கட்சி மறுபடி முன்னுக்கு வந்தது. 'யாழ்ப்பாணம் மாறிவிட்டது' என்றவர்கள் அன்று 'யாழ்ப்பாணம் திரும்பிவிட்டது' என்று எழுதினார்கள். ஆறு மாதத்துக்குள் நாங்கள் போகவும் இல்லை, வரவும் இல்லை. இங்கேதான் இருந்தோம்.

தமிழ்க் கட்சிகளுக்குச் சொல்ல இருப்பது இது. உரிமையைப் பேசுகிறோம் என்பதால் கதவணையைப் பேசத் தேவையில்லை என்று நினைக்காதீர்கள். சமஷ்டி வேண்டும் என்று கேட்கிற வாயால் இழுவைப்படகைப் பற்றியும் கேட்க முடியும். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சகோதரங்களுக்கும் ஒரு சொல்: நீங்கள் அனுப்பும் காசில் பல வீடுகளின் அடுப்பு எரிகிறது, நன்றி மறவோம். ஆனால் யாருக்குப் புள்ளடி போடுவது என்று தொலைபேசியில் உத்தரவு போடாதீர்கள். அந்த முடிவோடு வாழப்போவது இங்கே இருப்பவர்கள்.

அரசாங்கத்துக்குச் சொல்ல இருப்பது இன்னும் எளிது. உரிமையும் தண்ணீரும், காணியும் றோட்டும் ஒரே மேசையில் பேசப்பட வேண்டிய இடம் மாகாண சபை. எங்கள் மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. 2017இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் கொண்டுவந்தார்கள். எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் பாராளுமன்றமே நிராகரித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்ற பொறிக்குள் தேர்தல் சிக்கிக் கிடக்கிறது. எங்கள் பாடசாலைகளுக்கும் வீதிகளுக்கும் விவசாயத்துக்கும் பொறுப்பான சபை இல்லாமல் ஆளுநர் ஒருவர் நிர்வாகம் செய்கிறார். 2018இல் பத்து வயதாக இருந்த பிள்ளை இப்போது வாக்காளர். பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டுக்கு மேல் பலம் வைத்திருக்கும் அரசாங்கத்துக்கு இந்தச் சட்டச் சிக்கலை அவிழ்க்க ஒரு கிழமை போதும். யாழ்ப்பாணம் எங்களை நம்பியது என்று பெருமைப்படுகிறவர்கள் அந்த நம்பிக்கைக்குக் காட்டக்கூடிய மரியாதை ஒன்று உண்டு: பழைய முறையிலாவது மாகாண சபைத் தேர்தலுக்குத் திகதி குறியுங்கள்.